ஆயிரத்தில் எத்தனை?
(சிசு மரணக் கணக்கு கற்பிக்கும் பாடம்)

இயேசு பாலன் பிறந்த நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தி ஒரு குடிக்கணக்கோடு தொடங்குகிறது என்பதை நாம் யாவரும் அறிவோம். அகுஸ்து சீசரின் கட்டளைப்படி பெயர் பதிவதற்காகவே சூசையப்பரும் மரியன்னையும் பெத்லகேமுக்குச் சென்றார்கள். பழைய ஏற்பாட்டில் எண்ணிக்கை நூல் என்றே ஒரு நூல் இருக்கிறது. ஆனால் அந்நூலின் தொடக்கத்தில் எண்ணப்பட்டவர்கள் யார் தெரியுமா? இருபது வயதும் அதற்கு மேலும் ஆன, போருக்குச் செல்லத் தக்க ஆண்கள் மட்டுமே. பெண்களும் குழந்தைகளும் அந்தக் கணக்கில் இல்லை.

பண்டைக்கால அரசுகள் வரி வாங்கவும் படை திரட்டவுமே மக்களை எண்ணின. வரி கட்டாத, வாள் ஏந்தாத குழந்தை பிறந்தால் என்ன, இறந்தால் என்ன? அது கணக்கில் ஏறவேண்டிய செய்தியாகவே எவருக்கும் தோன்றவில்லை. இன்றோ ஒரு நாட்டின் நலத்தை அறிய முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை முதல் பிறந்த நாளைக் காணாமல் மறைகின்றன?" என்பதாகும். இந்தக் கேள்வி எவ்வாறு பிறந்தது, இதற்கு எவ்வாறு விடை காண்கிறார்கள், ஒரு காலத்தை மற்றொரு காலத்தோடு ஒப்பிடும்போது எங்கெல்லாம் ஏமாறக்கூடும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விகிதம் ஏன் வேண்டும்?

ஒரு சிற்றூரில் ஓர் ஆண்டில் 10 சிசுக்கள் இறந்தன என்றும், ஒரு நகரத்தில் 90 சிசுக்கள் இறந்தன என்றும் வைத்துக்கொள்வோம். எந்த ஊர் குழந்தைகளுக்கு ஆபத்தான ஊர்? 90 என்ற எண்ணைப் பார்த்து நகரம் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் சிற்றூரில் அவ்வாண்டு பிறந்தவை 100 குழந்தைகள். நகரத்தில் பிறந்தவை 3,000 குழந்தைகள். அப்படியானால் சிற்றூரில் ஆயிரத்துக்கு 100 வீதமும், நகரத்தில் ஆயிரத்துக்கு 30 வீதமும் இறந்திருக்கின்றன. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்தவர் ஏமாந்தார். கீழே உள்ள எண்ணையும் பார்த்தவர் உண்மையை அறிந்தார். பின்னத்தில் பகுதி எவ்வளவு முக்கியம் என்பதை ஐந்தாம் வகுப்பிலேயே படித்தோம் அல்லவா? இக்கட்டுரை முழுவதும் அந்தப் பகுதியைப் பற்றியதுதான் என்றாலும் பிழையில்லை.

ஓர் ஆண்டில், ஒரு வயது நிறையுமுன் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை, அவ்வாண்டில் உயிருடன் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பது சிசு மரண விகிதம். முதல் 28 நாட்களுக்குள் நேரும் இறப்புகளை மட்டும் தனியே எடுத்தால் அது பச்சிளங்குழந்தை மரண விகிதம். ஐந்து வயது நிறையுமுன் நேரும் இறப்புகள் அனைத்தையும் சேர்த்தால் ஐந்து வயதுக்குட்பட்டோர் மரண விகிதம். இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓர் ஆண்டின் சிசு மரண விகிதத்தை மற்றோர் ஆண்டின் ஐந்து வயதுக்குட்பட்டோர் மரண விகிதத்தோடு ஒப்பிடுவது, அரிசியைப் படியால் அளந்து, பருப்பைத் தராசில் நிறுத்து, எது அதிகம் என்று கேட்பதைப் போன்றதாகும்.

கோவில் பதிவேடுகள் செய்த தொண்டு

பழங்காலத்துக் குழந்தைகளைப் பற்றி நாம் ஏதேனும் அறிகிறோம் என்றால், அதற்குப் பெரும்பாலும் கோவில் பதிவேடுகளே காரணம். 1563ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம், பங்குக் குருக்கள் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமென்றும், ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோரின் பெயர்களை எழுதி வைக்க வேண்டுமென்றும் பணித்தது. 1614ஆம் ஆண்டில் பாப்பரசர் 5ஆம் சின்னப்பர் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்து ஐந்து ஏடுகளை ஒவ்வொரு பங்கிலும் வைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலேயே பங்குதோறும் பதிவேடு வைக்கும்படி அரச ஆணை பிறந்தது.

ஆன்மாக்களின் நலனுக்காக எழுதப்பட்ட இந்த ஏடுகள், பிற்காலத்தில் உடல்நலத்தை ஆராய்வோருக்கும் பயன்பட்டன. ஆயினும் இவற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு பிறப்புப் பதிவேடு ஆகாது. குழந்தை பிறந்த மறுநாளே கோவிலுக்குத் தூக்கிச் செல்லும் வழக்கம் இருந்த காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பிறப்புக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே உள்ள நாட்கள் மெல்ல மெல்லக் கூடின. அந்த இடைவெளியில் இறந்த குழந்தைகளில் பல எந்த ஏட்டிலும் பெயரின்றி மறைந்தன. ஏட்டை மட்டும் நம்பினால் குழந்தைகள் குறைவாக இறந்ததாகத் தோன்றும். உண்மையில் குறைந்தது இறப்பு அன்று, எழுத்தே.

துணி வணிகர் போட்ட கணக்கு

குழந்தை இறப்பை முதன்முதலில் எண்களால் ஆராய்ந்தவர் என்று போற்றப்படுபவர் ஜான் கிரான்ட். அவர் மருத்துவர் அல்லர், பேராசிரியரும் அல்லர், இலண்டன் நகரத்துத் துணி வணிகர். அந்நகரில் வாரந்தோறும் மரணப் பட்டியல் அச்சிட்டு விற்கப்பட்டது. மக்கள் அதை வாங்கி, கொள்ளைநோய் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒதுக்கி விடுவார்கள். கிரான்ட் பல ஆண்டுப் பட்டியல்களைச் சேர்த்து வைத்து ஆராய்ந்து, 1662ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்.

அவருக்கு ஒரு பெரிய இடையூறு இருந்தது. அந்தப் பட்டியல்களில் இறந்தவரின் நோய் இருந்தது, வயது இல்லை. (வயதைக் குறிக்கும் வழக்கம் 1728ஆம் ஆண்டில்தான் வந்தது.) வயது தெரியாமல் குழந்தைகளை எப்படி எண்ணுவது? கிரான்ட் ஒரு வழி கண்டார். 20 ஆண்டுகளில் இறந்தோர் மொத்தம் 2,29,250 பேர். அவர்களில் வாய்ப்புண், இசிவு, ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய், பல் முளைக்கும் காலத்து நோய், குடற்புழு முதலியவற்றால் இறந்தோர் 71,124 பேர். இவை பச்சைக் குழந்தைகளையே தாக்குபவை. அடுத்து, பெரியம்மை, தட்டம்மை முதலியவற்றால் இறந்தோர் 12,210 பேர். இவர்களில் பாதிப்பேர் ஆறு வயதுக்குட்பட்டவர்களாக இருக்கலாம் என்று கொண்டார். ஆக 71,124உம் 6,105உம் சேர்ந்து 77,229 குழந்தைகள். மொத்த இறப்பில், எப்போதோ வரும் கொள்ளைநோயால் இறந்த சுமார் 16,000 பேரை நீக்கினார். மீதி 2,13,250. இப்போது வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்கு 36!

அதாவது, இலண்டனில் பிறந்த நூறு குழந்தைகளில் 36 குழந்தைகள் ஆறு வயதைக் காணாமல் இறந்தன என்பது கிரான்ட் கண்ட முடிவு. வயதே எழுதப்படாத ஏட்டிலிருந்து வயதை வருவித்த அவருடைய அறிவை எண்ணி வியக்கிறோம். ஆனாலும் பகுதியைப் பார்க்கக் கற்றுக்கொண்ட நாம், இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் குழந்தை இறப்பை எதனால் வகுத்தார்? பிறப்புகளால் அன்று, மொத்த இறப்புகளால். இலண்டனுக்கோ வெளியூர்களிலிருந்து வேலை தேடி வந்த பெரியவர்கள் ஏராளம். அவர்கள் பிறந்தது வேறோர் ஊர், இறந்தது இலண்டன். அவர்களுடைய இறப்பும் பகுதியில் சேர்ந்துவிட்டதால், குழந்தைகளின் பங்கு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றக்கூடும்.

வால்நட்சத்திரம் கண்டவர் கண்ட இன்னொன்று

இந்தக் குறையை உணர்ந்தவர் எட்மண்ட் ஹாலி. ஆம், 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த அதே வானியல் அறிஞர்தான். வெளியூரார் வரவு குறைவாக உள்ள ஓர் ஊரை அவர் நாடினார். இன்று போலந்து நாட்டில் இருக்கும் பிரெஸ்லா நகரில் காஸ்பர் நியூமன் என்னும் போதகர், பிறந்தோர், இறந்தோர் கணக்கை வயதுடனும் ஆண் பெண் வேறுபாட்டுடனும் எழுதி வைத்திருந்தார். 1687 முதல் 1691 வரையிலான அந்தக் கணக்கைக் கொண்டு ஹாலி 1693ஆம் ஆண்டில் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார்.

அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 1,238 குழந்தைகள் பிறந்தன. அவற்றில் 348 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் 198 குழந்தைகள் இறந்தன. ஆறு வயது நிறைந்தவை 692 மட்டுமே. இன்றைய முறைப்படி கணக்கிட்டால், சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 281. ஆறு வயதுக்குள் இறந்தவை ஆயிரத்துக்கு 441.

இப்போது ஒரு சோதனை. கிரான்ட் கணக்கில் ஆறு வயதுக்குள் இறந்தவை ஆயிரத்துக்கு 360. ஹாலி கணக்கில் 441. ஆகவே பிரெஸ்லாவைவிட இலண்டன் குழந்தைகளுக்கு நல்ல ஊர் என்று முடிவு கட்டலாமா? கட்டக் கூடாது! ஒன்று மொத்த இறப்புகளால் வகுத்தது. மற்றொன்று பிறப்புகளால் வகுத்தது. ஒன்று நோயைக் கொண்டு வயதை ஊகித்தது. மற்றொன்று வயதையே எழுதி வைத்தது. அளவுகோல் வேறாக இருக்கும்போது அளவுகளை ஒப்பிடுதல் ஆகாது. காலத்தோடு காலத்தை ஒப்பிடுவோர் யாவரும் மனத்தில் பதிக்க வேண்டிய முதல் விதி இதுவே.

ஒரு நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை முதலில் வைத்த நாடு சுவீடன். 1749ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பங்குக் குருக்கள் பிறப்பு, இறப்பு விவரங்களை ஒரே படிவத்தில் எழுதி அரசுக்கு அனுப்பினார்கள். ஆகவேதான் அங்கே 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்துக்குச் சுமார் 200 ஆக இருந்த சிசு மரண விகிதம், 1900ஆம் ஆண்டை ஒட்டிச் சுமார் 100 ஆகி, இன்று 2 அளவில் நிற்கிறது என்று துணிந்து சொல்ல முடிகிறது. பாதியாகக் குறைய அந்நாட்டுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிடித்தன.

நம் நாட்டுக் கணக்கு

நம் நாட்டில் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் மக்கள் தொகை எண்ணப்பட்டது 1881ஆம் ஆண்டில். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969ஆம் ஆண்டில். சட்டம் வந்தாலும் எல்லாப் பிறப்பும் எல்லா இறப்பும் பதிவாகிவிடுமா? அதிலும், பிறந்து மூன்று நாளில் இறந்த குழந்தைக்காக யார் அலுவலகத்துக்கு நடந்தார்கள்? ஆகவே மாதிரிப் பதிவு முறை என்ற ஒன்றை அரசு ஏற்படுத்தியது. 1964-65இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70இல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது.

அதன் அமைப்பு எளிது, ஆனால் அறிவுடையது. நாடெங்கும் சில கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதிநேரக் கணக்காளர், பிறப்பு இறப்புகளை அவ்வப்போது எழுதி வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மேற்பார்வையாளர் வீடு வீடாகச் சென்று, முன்னவர் எழுதியதைப் பாராமல், தாமே தனியாக விசாரித்து எழுதுவார். பிறகு இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை மீண்டும் நேரில் சென்று விசாரிப்பார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். இம்முறை தந்த சிசு மரண விகிதங்கள், ஆயிரம் பிறப்புகளுக்கு, பின்வருமாறு:

1971 — இந்தியா 129, தமிழ்நாடு 113
1981 — இந்தியா 110, தமிழ்நாடு 91
1991 — இந்தியா 80, தமிழ்நாடு 57
2001 — இந்தியா 66, தமிழ்நாடு 49
2011 — இந்தியா 44, தமிழ்நாடு 22
2020 — இந்தியா 28, தமிழ்நாடு 13

சுவீடனுக்கு 150 ஆண்டுகள் பிடித்த பாதிக் குறைவு, நமக்கு 1971 முதல் 2001 வரை சுமார் 30 ஆண்டுகளில் கைகூடியது. பின்னால் புறப்பட்டவர்கள் முன்னவர் கண்டுபிடித்த தடுப்பூசியையும் மருந்தையும் கையில் கொண்டு நடந்தார்கள் என்பதே காரணம்.

இந்தப் பட்டியலில் மற்றொரு பாடமும் இருக்கிறது. 1971க்கும் 2020க்கும் இடையே இந்தியாவில் குறைந்தது 101. தமிழ்நாட்டில் குறைந்தது 100. கழித்தல் கணக்கில் இரண்டும் சமம். வகுத்துப் பார்த்தாலோ, இந்தியாவின் விகிதம் கால் பங்குக்குச் சற்றே குறைவாக ஆனது. தமிழ்நாட்டின் விகிதம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு ஆனது. "எவ்வளவு குறைந்தது?" என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் உண்மை. எந்த விடையைச் சொல்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்துச் சொல்பவர் எண்ணால் பொய் சொல்பவர் ஆவார்.

ஏமாற்றும் எண்கள்

முதலாவதாக, பொது மரண விகிதத்தைக் கொண்டு குழந்தைகளின் நிலையை அளக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஆயிரம் மக்களுக்கு 6 பேர் இறந்தனர். ஜப்பானில் 11 பேர் இறந்தனர். ஜப்பான் நோய் மலிந்த நாடா? இல்லை. அங்கே முதியோர் மிகுதி. முதியோர் இறப்பது இயற்கை. சிசு மரண விகிதத்தைப் பார்த்தால் அங்கே 2, இங்கே 28. 

இரண்டாவதாக, சராசரி ஆயுள். 1940களில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள் என்று படிக்கிறோம். அப்படியானால் அன்று எல்லோரும் 32 வயதில் மாண்டார்களா? நம் கொள்ளுப்பாட்டிமார் எழுபது, எண்பது வரை வாழ்ந்தார்களே! பத்துப் பேரில் நால்வர் பிறந்த ஆண்டிலேயே இறந்து, அறுவர் 60 வயது வரை வாழ்ந்தால், சராசரி 36தான் வரும். ஆனால் 36 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. தொட்டில்களில் நேர்ந்த சாவுகளே அந்தச் சராசரியைப் பெரிதும் கீழே இழுத்தன.

மூன்றாவது பொறி மிகவும் நுட்பமானது. ஓர் ஊரில் 200 குழந்தைகள் பிறந்து, 20 இறந்து, அவற்றில் 8 மட்டுமே பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். ஏட்டின்படி விகிதம் 40. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு நல்ல செவிலியர் அவ்வூருக்கு வருகிறார். அப்போதும் பிறந்தவை 200, இறந்தவை 14, பதினான்கையும் அவர் தவறாமல் பதிவு செய்கிறார். ஏட்டின்படி விகிதம் 70! உண்மையில் 100லிருந்து 70க்குக் குறைந்திருக்கிறது. ஏடோ 40லிருந்து 70க்கு ஏறியதாகக் காட்டுகிறது. அந்தச் செவிலியரைப் பாராட்டுவதா, பழிப்பதா? எண் உயர்ந்தது என்றதும் குற்றம் காண்போர், எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்பதையும் கேட்க வேண்டும்.

பாட்டிமாரின் கணக்கு

"பெற்றது எட்டு, தங்கியது ஐந்து" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இறந்தது என்று சொல்ல மனம் வராமல் "தங்கவில்லை" என்பார்கள். முன்னே பிறந்தவை தங்காமற்போன வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள், குப்புசாமி என்றும், பிறரிடம் பிச்சையாகப் பெற்றதுபோல் வாங்கிப் பிச்சை, பிச்சையம்மாள் என்றும் பெயரிட்டார்கள். எமன் கண்ணுக்கு இது மதிப்பற்றதாகத் தோன்றட்டும் என்பது அந்தத் தாய்மாரின் எண்ணம். அந்தப் பெயர்களைக் கேட்டு நகைப்போர், அவற்றின் பின்னே ஒரு சிறு கல்லறை இருந்திருக்கலாம் என்பதை நினைக்க வேண்டும்.

பாட்டி சொன்ன அந்த இரண்டு எண்களே ஓர் ஆராய்ச்சி முறைக்கு அடிப்படை என்றால் நம்புவீர்களா? பதிவேடுகள் இல்லாத ஆப்பிரிக்க நாடுகளுக்காக வில்லியம் பிராஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1960களில் ஒரு முறையை வகுத்தார். தாய்மாரிடம், உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று உயிரோடிருப்பவர் எத்தனை என்று மட்டும் கேட்க வேண்டும். 20 முதல் 24 வயது வரையுள்ள தாய்மாரின் விடையிலிருந்து, இரண்டு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதத்தை மதிப்பிடலாம். 30 முதல் 34 வயது வரையுள்ளோரின் விடையிலிருந்து, ஐந்து வயதுக்குட்பட்டோர் நிலையை மதிப்பிடலாம். 1981ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டுத் தாய்மாரிடமும் இக்கேள்விகள் கேட்கப்பட்டன. மாவட்டவாரியாகக் குழந்தை இறப்பை அறிய அவை உதவின. இதிலும் குறை உண்டு. பிரசவத்தில் தாயும் இறந்திருந்தால் விடை சொல்ல ஆள் இல்லை. வயது முதிர்ந்த தாய், சில நாட்களே வாழ்ந்த பிள்ளையைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு.

பெண் குழந்தைக்குத் தனிக் கணக்கு

பெண்கள் பயிலும் பள்ளியில் இருக்கும் நாம், இந்தப் பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். முதல் ஆண்டில் ஆண் சிசுவைவிடப் பெண் சிசுவுக்கே இயற்கை அதிக உறுதியைத் தந்திருக்கிறது. உலக நாடுகள் பெரும்பாலானவற்றில் ஆண் சிசுக்களே மிகுதியாக இறக்கின்றன. ஆனால் நம் நாட்டில் ஆண், பெண் எனத் தனித்தனியே கணக்கெடுத்தபோது, பல ஆண்டுகள் பெண் குழந்தைகளின் இறப்பு மிகுந்திருந்தது. இயற்கை தந்த உறுதியை வென்றது எது? பாலிலும் சோற்றிலும் குறைவு. காய்ச்சல் வந்தால் நாளை பார்க்கலாம் என்ற தாமதம். சில இடங்களில் அதனினும் கொடியது. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண் சிசுக் கொலைகள் பத்திரிகைகள் வாயிலாக வெளிவந்து நாட்டைத் தலைகுனியச் செய்தன. 1992ஆம் ஆண்டில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது.

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் இந்தியாவின் ஆண் சிசு மரண விகிதம் 28; பெண் சிசு மரண விகிதமும் 28. சமம் ஆகிவிட்டதே என்று மகிழலாம். ஆனால் இயற்கையின் கணக்குப்படி பெண்ணின் எண் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே இந்தச் சமத்துவத்திலும் சிறிது அநீதி ஒளிந்திருக்கிறது எனலாம்.

இன்னொன்றும் உண்டு. பிறவாத குழந்தை மரண விகிதத்தில் ஏறாது. 1991க்கும் 2001க்கும் இடையே நாட்டின் சிசு மரண விகிதம் 80லிருந்து 66க்குக் குறைந்தது. அதே காலத்தில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 945 என்றிருந்தது 927 ஆகக் குறைந்தது. கருவிலேயே பாலினம் அறியும் சோதனையைத் தடுக்க 1994ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டும் நிலை இதுவாக இருந்தது. ஒரே எண்ணைப் பார்த்து மகிழ்வோர் உண்மையின் பாதியையே காண்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குறைந்தது எதனால்?

பெரியம்மை 1980ஆம் ஆண்டில் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து வாந்திபேதி நோயாளிகள் பலரைக் காத்தார். அந்த எளிய கரைசல் பின்னர் உலகமெங்கும் குழந்தைகளைக் காத்தது. 1985ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடுவதாலும் தூய்மையான பிரசவத்தாலும், தொப்புள்கொடி வழியே வரும் இரணஜன்னி 2015ஆம் ஆண்டில் நாட்டில் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. நல்ல குடிநீரும் மருத்துவமனைப் பிரசவமும் தம் பங்கைச் செய்தன.

மருந்துகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொன்று, தாயின் கல்வி. ஜான் கால்டுவெல் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் நைஜீரியாவில் ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், படித்த தாயின் பிள்ளைகள் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்றும், தந்தையின் வருமானத்தைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியாது என்றும் காட்டினார். செல்வம் குறைந்திருந்தும் குழந்தைகளைக் காத்த இடங்களாகப் பின்னர் அவர் எடுத்துக்காட்டியவற்றுள் நம் அண்டை மாநிலமாகிய கேரளமும், இலங்கையும் உண்டு. 1971ஆம் ஆண்டில் இந்தியாவின் விகிதம் 129 ஆக இருந்தபோதே கேரளத்தில் அது 58தான். படித்த தாய் மருந்துச் சீட்டைப் படிக்கிறாள். தடுப்பூசி நாளை நினைவில் வைக்கிறாள். காய்ச்சல் கண்டால் பிறர் அனுமதிக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறாள். பெண் கல்விக்காக நம் அருட்சகோதரிகள் ஆற்றும் பணி வகுப்பறையோடு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

வேலை இன்னும் முடியவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் 28 என்ற எண்ணில் 20, முதல் 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகள். குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகியவையே இப்போது எதிரிகள். இவற்றை வெல்லக் கர்ப்பிணியின் உணவும், பேறுகாலக் கவனிப்பும், பிறந்த முதல் மணி நேரத்தில் தாய்ப்பாலும் வேண்டும்.

பயிற்சி

1. ஓர் ஒன்றியத்தில் 1,250 பிறப்புகள். 25 சிசு மரணங்கள். மற்றோர் ஒன்றியத்தில் 400 பிறப்புகள். 12 சிசு மரணங்கள். எங்கே விகிதம் குறைவு?

2. ஒரு மாநிலத்தில் விகிதம் 80லிருந்து 60 ஆனது. மற்றொன்றில் 20லிருந்து 10 ஆனது. எது அதிகம் முன்னேறியது?

3. ஒரு சிற்றூரில் சென்ற ஆண்டு 50 பிறப்புகளில் ஒரு சிசு இறந்தது. இவ்வாண்டு 50 பிறப்புகளில் மூன்று இறந்தன. அவ்வூரின் நிலை மூன்று மடங்கு கெட்டுவிட்டதா?

விடைகள்: (1) முதல் ஒன்றியத்தில் 20, இரண்டாவதில் 30. ஆகவே முதலாவதில் குறைவு. (2) ஆயிரம் பிறப்புக்குக் காக்கப்பட்ட உயிர்களைப் பார்த்தால் முதல் மாநிலம். சதவிகிதத்தைப் பார்த்தால் இரண்டாவது. எதனால் அளந்தோம் என்று சேர்த்து எழுதியவருக்கே முழு மதிப்பெண். (3) விகிதம் 20லிருந்து 60 ஆனது உண்மை. ஆனால் சிறிய எண்களில் இத்தகைய ஏற்றத்தாழ்வு தற்செயலாகவும் வரும். ஆகவேதான் சிறிய மாநிலங்களுக்கு மூன்று ஆண்டுக் கணக்கைச் சேர்த்து விகிதம் காண்கிறார்கள்.

மூன்றாம் விடையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம். மூன்று இறப்பைக் கொண்டு ஊரின் நிலையை முடிவு செய்யக் கூடாது என்பது கணிதம். அந்த மூன்று வீடுகளுக்கும் சென்று ஏன் என்று விசாரிக்க வேண்டும் என்பது மனிதம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனை வணங்கும் நாம், ஆயிரத்தில் பதின்மூன்று என்பதைச் சிறிய எண் என்று சொல்லத் துணியோம்.

மாணவிகள் இன்றே செய்யக்கூடிய ஒரு பணியும் உண்டு. உங்கள் தெருவில் குழந்தை பிறந்தால், 21 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்லுங்கள். சில நாளே வாழ்ந்து மறைந்த குழந்தையாயினும், அதன் பிறப்பையும் இறப்பையும் பதியச் சொல்லுங்கள். "இதற்குப் போய் எதற்கு?" என்பார்கள். அந்தக் குழந்தையும் ஒரு பெயருக்கும் ஓர் எண்ணுக்கும் உரியது என்று பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். எண்ணப்பட்ட குழந்தையின் சாவுக்கே ஊர் காரணம் தேடும். காரணம் தெரிந்தால்தான் அடுத்த குழந்தை தங்கும்.